பாண் துகளுக்குப் பயந்த வீடு

1

“பாண் சாப்பிட்டால் அப்பிடி என்னதான் செய்யும் பிள்ளை?”

இந்த முறை திருகோணமலைக்கு வந்து நின்ற நாட்களில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. கோயிலடியில் கேட்டார்கள். மீன் சந்தையில் கேட்டார்கள். நிலாவெளி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்கூடக் கேட்டார். சிரித்துக்கொண்டு ஏதோ சொல்லித் தப்பினேன். பேர்கனுக்குத் திரும்பி வந்து, நோர்வேயின் இந்த மழை ஊரில் யன்னலோரம் இருக்கும்போதுதான், அதற்கு ஒழுங்காக ஒரு பதில் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. கேட்டவர்களில் ஒருவருக்கு, அல்லது அவர்களுடைய பிள்ளைகளில் ஒருவருக்கு, தெரியாமலே என்னுடைய வருத்தம், இந்த நோய், இருக்கலாம் என்ற பயம்தான் காரணம்.

எனக்குச் சீலியாக் என்ற நோய் இருக்கிறது. பாண் சுடும் கோதுமை மாவிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு பசைச் சத்து உண்டு. அது வயிற்றுக்குள் போனால் என் உடம்பு அதை எதிரி என்று நினைத்துத் தன் குடலையே தாக்கத் தொடங்கிவிடும். குடலின் உட்பக்கம் சின்னச் சின்ன மயிர் எழுந்து நிற்கும் கம்பளம் போல இருக்க வேண்டுமாம். என்னுடைய குடலின் படத்தை வைத்தியர் காட்டினார். தேய்ந்த சீமெந்துத் தரை போலக் கிடந்தது. எதைச் சாப்பிட்டாலும் அதில் பிடிக்காமல் வழுக்கிப் போய்விடும். இதற்கு மருந்து இல்லை. கோதுமையை விடுவதுதான் மருந்து, அதுவும் சாகும்வரை. ஒரு கைப்பிடி வேண்டியதில்லை, ஒரு துகள் போதும்.

இவ்வளவையும் சந்தையில் நின்று எப்படிச் சொல்வது?

2

நோர்வேக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சின்னப் பிள்ளைகளின் பராமரிப்பு நிலையம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். இந்த நாட்டு மொழியில் பாட்டுப் பாடுவேன், சண்டை தீர்ப்பேன், சப்பாத்து நாடா கட்டிவிடுவேன். வேலை செய்யத் தெரிந்த அந்த மொழியில் வருத்தம் சொல்ல மட்டும் எனக்கு வருவதில்லை.

களைப்பு என்று போனேன். குளிர்காலத்தில் இங்கே எல்லோருக்கும் களைப்புத்தான் என்றார்கள். தலைமயிர் கொட்டுகிறது, வாயெல்லாம் புண், படியேற முழங்கால் நடுங்குகிறது என்று போனேன். இரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை தந்தார்கள். எங்களுடைய தோலுக்கு இந்த நாட்டு வெயில் காணாது என்று விற்றமின் தந்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் என்னுடைய குடும்ப வைத்தியர், “உங்கள் மொழியிலேயே எல்லாவற்றையும் சொல்லுங்கள்” என்று தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார்.

“வயிறு எரியுது ஐயா. சாப்பிட்ட கையோட ஒரே வயித்தெரிச்சல்” என்றேன்.

மறுமுனையில் இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வைத்தியருக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னார்: “இந்தப் பெண்ணின் மனதில் யாரோ ஒருவர்மேல் பெரிய கொதிப்பு இருக்கிறது.”

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்தியர் பேனாவை வைத்துவிட்டார். கனிவோடு என்னைப் பார்த்து, “போரில் யாரையாவது இழந்தீர்களா?” என்று கேட்டார். இழக்காதவர் எங்களில் யார்? அப்பாவின் முகம் வந்தது. நான் அழுதுவிட்டேன். அதோடு என் வயிற்றின் கதை முடிந்தது. மன ஆறுதல் சொல்லும் பெண் ஒருவரிடம் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம் போனேன். மிகவும் நல்ல பெண். மேசையில் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைப்பார். பக்கத்தில் ஒரு தட்டில் கோதுமை பிஸ்கட் இருக்கும். “எடுங்கள், எடுங்கள்” என்பார். மறுத்தால் மனம் நோவார் என்று நான் ஒவ்வொரு முறையும் இரண்டு சாப்பிட்டுவிட்டு வருவேன்.

வேலையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் வைத்தியர் சரியான இரத்தப் பரிசோதனையை எழுதினார். பிறகு வாய் வழியே குழாய் விட்டுக் குடலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். பெயரைச் சொன்னார்கள். நோர்வேஜியர்கள் அதைச் சோலியாக்கி என்பது போல உச்சரிப்பார்கள்.

“கவனமாக இருந்தால் பயமில்லை” என்றார் அந்த வைத்தியர். இல்லாவிட்டால் என்று கேட்டேன். எலும்பு உடையலாம் என்றார். குடலில் புற்றுநோயும் வரலாம், அது அரிது என்றார். அரிது என்ற சொல் என் காதில் நிற்கவில்லை.

3

வீட்டுக்கு வந்து குசினியைக் கவிழ்த்தேன். மரக்கரண்டி, ரொட்டிப் பலகை, பாண் சுடும் மெஷின் எல்லாம் வெளியே போயின. எந்தக் கடைக்குப் போனாலும் பொதியைத் திருப்பி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, எழுத்து எழுத்தாக வாசித்தேன். சோயா சோஸில் கோதுமை இருக்கிறது. நாங்கள் ரசத்துக்குப் போடும் பெருங்காயத் தூளில் கோதுமை மா கலந்திருக்கிறது. சூப் தூளிலும் மிட்டாயிலும் இருக்கிறது. வாசிக்க வாசிக்க உலகம் முழுக்க மா தூவி வைத்திருப்பது போல இருந்தது. என் கணவர் பாண் சாப்பிடுவதை வேலையிடத்தோடு நிறுத்திக்கொண்டார்.

பராமரிப்பு நிலையத்தில்தான் அதிகம் பயந்தேன். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடே பாண்தான். சாப்பிட்ட கையோடு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தைத் தடவுவார்கள். நான் முகத்தைத் திருப்புவேன். ஒருநாள் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, “உனக்கு என்னைப் பிடிக்காதா?” என்று கேட்டது. கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

ஆனால் என் பயம் முழுக்க என்னைப் பற்றியது அல்ல. இது குடும்பத்துக்குள் ஓடும் வருத்தம், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் இரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எனக்கு இருப்பது ஒரு தம்பி, ஒரு மகள்.

மகள் அஞ்சனா வடக்கே இன்னொரு நகரத்தில் படிக்கிறாள். இருபது வயது. நான் நீளமாக எழுதும் செய்திகளுக்குப் பெருவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்புவாள். பரிசோதனை பற்றி மூன்று வருடமாகக் கேட்டேன். கடைசியாகக் கேட்டபோது அவள் சொன்னாள்: “எனக்கு ஒன்றும் இல்லை அம்மா. உங்களுக்கு எல்லாவற்றுக்கும் பயம். அந்தப் பயத்தை எனக்கும் தராதீர்கள்.” தமிழில் எழுதும்போது மெதுவாகத் தெரிகிறது. அவள் சொன்ன மொழியில் அது கத்தி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பார்க்கும் நேரமெல்லாம் அவளுடைய நகத்தின் நிறத்தைக் கவனிப்பேன். அவ்வளவுதான்.

4

இந்த ஆடியில் ஊருக்கு வருகிறாயா என்று அஞ்சனாவிடம் கேட்டேன். வருகிறேன் என்றாள். எனக்கே ஆச்சரியம்.

தம்பி குகன் திருகோணமலைக்குப் பக்கத்தில் கப்பல்துறை என்ற ஊரில் இருக்கிறான். வேலை துறைமுகத்து மா ஆலையில். கப்பலில் கோதுமை வந்து இறங்கும். அது மாவாகி மூட்டையாகும் இடத்தில் அவன் நிற்கிறான். எங்கள் அப்பா போன பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தியது அந்தச் சம்பளம்தான். ஆகவே எனக்கு வந்த வருத்தத்தை அவனிடம் தொலைபேசியில் சொல்லவே முதலில் கூச்சமாக இருந்தது. அவன் சிரித்தான். “சோலியாக்கியோ? பேரிலயே சோலி கிடக்கே அக்கா!” என்றான். நீயும் இரத்தம் பார் என்றேன். “எனக்கோ? நான் மாவுக்குள்ளயே சீவிக்கிறன். வாறதெண்டா எப்பவோ வந்திருக்கும்” என்றான்.

நாங்கள் போய் இறங்கிய அன்று அவன் வேலை முடிந்து நேரே வந்தான். புருவத்திலும் காதோரத்திலும் மா. ஆறு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறோம். “அக்கா!” என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். நான் ஓரடி பின்னால் வைத்துவிட்டேன்.

யோசித்துச் செய்ததல்ல, கால் தானாகப் போனது. அவன் கை அப்படியே நின்றது. தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். கிணற்றடிக்குப் போய் உடுப்போடு வாளி வாளியாக ஊற்றினான். பிறகு ஈரத்தோடு வந்து, “இப்ப பிடிக்கலாமோ?” என்றான். நான் பிடித்துக்கொண்டு அழுதேன். அஞ்சனா பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பியின் மனைவி பவானி. நானும் அவளும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் காலை எனக்கென்று தம்பலகாமத்து அரிசியை இடித்து, தனியாக இடியப்பம் அவித்து வைத்திருந்தாள். “தனி அரிசிமா மச்சாள், பயப்பிடாமல் சாப்பிடுங்கோ” என்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் வயிற்றைப் பிசைந்து எடுத்தது. இரண்டு நாள் பாயோடு கிடந்தேன். அரிசிமாவை, வழமையாகக் கோதுமைமா அரிக்கும் அதே அரிதட்டில் அரித்திருக்கிறாள். அதைக் கண்டுபிடித்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். “ஒரு தூசி தானே மச்சாள்… ஒரு தூசிக்கோ?” என்றாள். அன்றே கடைக்குப் போய்ப் புது அரிதட்டும் புதுச் சட்டியும் வாங்கி வந்தாள்.

பாயில் கிடந்த அந்த இரண்டு நாளில்தான் நான் தாரணியை நன்றாகப் பார்த்தேன்.

5

தாரணி குகனின் ஒரே பிள்ளை. ஒன்பது வயது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் உயரம். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். “மாமி, தண்ணி வேணுமோ?” என்று என்னிடம் வந்து வந்து கேட்பாள். கேட்டுவிட்டு என் பக்கத்திலேயே சுருண்டு படுத்து, பட்டப்பகலில் நித்திரையாகிவிடுவாள். நகம் வெளிறிப்போயிருந்தது. கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். உள்ளே இரத்தமே இல்லை.

நான் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலம், நிவாரணமாகக் கிடைத்ததெல்லாம் கோதுமைமாதான். ரொட்டி, களி, பிறகும் ரொட்டி. ஓயாமல் வயிற்றால் போகும். முகாமில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிற்றால் போனது, ஆகவே யாரும் என்னைத் தனியாகக் கவனிக்கவில்லை.

“வயித்தில பூச்சி மச்சாள். செருப்புப் போடு எண்டாக் கேக்கிறாளே? வெறுங்காலோட மண்ணுக்குள்ள திரியிறது” என்றாள் பவானி. சொல்லிக்கொண்டே ஒரு றாத்தல் எடைப் பாணில் தடித்த துண்டு ஒன்று வெட்டி, சம்பல் வைத்து மகளின் கையில் கொடுத்தாள். பிள்ளை கடித்தது. அது விழுங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். எனக்கு அடக்க முடியவில்லை. வேறு யாருக்கும் விளங்காது என்று, நோர்வேஜிய மொழியில் அஞ்சனாவிடம் மெதுவாகச் சொன்னேன்: “இந்தப் பிள்ளைக்கும் என்னுடைய வருத்தம் என்று நினைக்கிறேன். இவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.”

அஞ்சனா நிமிர்ந்து தாரணியைப் பார்த்தாள். பிறகு பவானியைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: “மாமி, நீ தாரணிக்குப் பாண் குடுக்காத. அவளுக்கும் அம்மாட வருத்தம். அம்மா இப்ப சொன்னவ.”

நோர்வேயில் அரசனைத் தவிர எல்லோரையும் நீ என்றுதான் சொல்வார்கள். அவளுடைய தமிழில் ‘நீங்கள்’ அவசரத்துக்கு வராது. ஆனால் அந்த மேசையில் அது அறைந்தது போல விழுந்தது. பவானியின் கை சோற்றோடு நின்றது.

“மச்சாள், என்ன கதை இது?” என்றாள். “என்ர பிள்ளைக்கு வருத்தம் எண்டு எங்களுக்கு விளங்காத பாஷையில கதைக்கிறீங்கள். இந்தப் பிள்ளை என்னை நீ, நான் எண்டு கதைக்குது. எங்கட பிள்ளையை நாங்கள் நஞ்சு குடுத்தோ வளக்கிறம்?”

தாரணியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அஞ்சனா என்னிடம், “நான் பிழையாக என்ன சொன்னேன்?” என்று கேட்டாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது. பிழை அவளுடையது அல்ல, என்னுடையது.

பின்னேரம் குகன் விறாந்தைக் கதிரையில் வந்திருந்தான். நேரே கேட்டான். “மெய்யாத்தான் சொல்லுறியோ அக்கா?”

“மெய்யோ எண்டு தெரியாது தம்பி. பயமா இருக்கு. ஒருக்கா இரத்தம் பாப்பம்.”

“இருந்தா?”

அவன் துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தான். என்ன நினைக்கிறான் என்று தெரிந்தது. இருந்தால், அவன் ஒவ்வொரு நாளும் உடம்பில் பூசிக்கொண்டு வருவதைத்தான் பிள்ளையிடமிருந்து விலக்க வேண்டும். “பாப்பம்” என்றான் கடைசியில்.

6

பிள்ளைகளைப் பார்க்கும் வைத்தியர் நகரத்துக்கு வரும் நாள் அடுத்த கிழமைதான். அதற்கிடையில் பவானி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் காலையில் தாரணியின் தட்டில் பாணைக் காணவில்லை. சோற்றைக் கரைத்து மோர் விட்டுக் கொடுத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். அவள் நம்பிவிட்டாள் என்று எனக்கு விளங்கியது. அதோடு இன்னொரு பயம் பிடித்தது.

“மச்சாள், பாணை நிப்பாட்டாதேங்கோ” என்றேன்.

அவள் திரும்பினாள்.

“இரத்தம் எடுக்கிறவரைக்கும் குடுக்க வேணும். நிப்பாட்டினா பரிசோதனையில ஒண்டும் தெரியாமல் போயிடும். இருக்கிற வருத்தம் இல்லை எண்டு வந்திடும்.”

“முந்தநாள் அது நஞ்சு எண்டீங்கள். இண்டைக்கு அந்த நஞ்சைக் குடு எண்டுறீங்கள்.” என் முன்னால் வந்து நின்றாள். “நான் தாய். எந்தக் கையால நான் குடுக்கிறது, சொல்லுங்கோ?”

அவள் கொடுத்தாள். ஒவ்வொரு காலையும் பாணை வெட்டி மகளின் கையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். தாரணி சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே வரமாட்டாள். நான் விறாந்தையில் இருந்து ஒவ்வொரு வாயையும் பார்ப்பேன். என் பயத்தை ஒரு வீடு முழுக்கப் பரப்பிவிட்டேனே என்று இருந்தது. அஞ்சனா சொன்னது அதுதானே.

வைத்தியர் பிள்ளையைப் பார்த்துவிட்டு எல்லாப் பரிசோதனையும் எழுதினார். இரத்தம் எடுக்கும் இடம் பக்கத்து ஒழுங்கையில். ஊசியைக் கண்டதும் தாரணி கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “ஏலாது! எனக்கு ஏலாது!” என்று கத்தினாள். குகன் கெஞ்சினான். பவானி அதட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

அஞ்சனா முன்னால் வந்து கதிரையில் இருந்தாள். சட்டைக் கையை மடித்தாள். “எனக்கு முதல் எடுங்கோ” என்றாள். ‘எடுங்கோ’ என்று சரியாகச் சொன்னாள்.

இரத்தம் எடுக்கும் பெண் அஞ்சனாவைப் பார்த்து, “தங்கச்சிக்கு என்ன டெஸ்ட்?” என்று கேட்டார்.

“அவளுக்கு என்னவோ அதுதான் எனக்கும்.”

ஒரு சொல் சொன்னால் எழுந்து போய்விடுவாளோ என்று சுவரோடு நின்றேன். ஊசி ஏறும்போது அவள் தாரணியைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, நாக்கை நீட்டிக் காட்டினாள். சின்னவள் அழுகைக்கிடையில் சிரித்தாள். பிறகு மெல்ல வந்து அஞ்சனாவின் மடியில் ஏறி இருந்து, கையை நீட்டினாள்.

இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வர ஒரு கிழமைக்கு மேலாகும் என்றார்கள். அந்த நாட்களில் நான் இறக்கக்கண்டிக் கடற்கரைக்குப் போனேன், சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனேன், எங்கே போனாலும் தாரணியின் தோள் எலும்பு கண்ணுக்குள் நின்றது. இருந்தால் இந்த வீட்டில் எப்படிச் சமாளிப்பார்கள்? பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கோதுமையில் சுட்ட பணிஸ் சாப்பிடும்போது இவள் என்ன செய்வாள்? கலியாண வீட்டில் யாரை நம்பிச் சாப்பிடுவாள்? என் மகளைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவேயில்லை. அவள் நல்ல நிறமாக, உயரமாக, ஆரோக்கியமாக இருந்தாள். சின்னப் பிள்ளைக்குத் துணையாகத்தானே இரத்தம் கொடுத்தாள்.

7

முடிவு பார்க்கப் போன அன்று வைத்தியரின் அறைக்குள் நானும் குகனும் பவானியும் போனோம். பிள்ளைகள் இருவரும் வெளியே நின்றார்கள். வாசலில் இரண்டு மான்கள் வந்து நின்றன. நகரத்து மான்கள், மனிதர்களுக்குப் பயமில்லை. அவற்றைப் பார்க்க வேண்டும் என்று தாரணி நின்றுவிட்டாள்.

வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளைக்கு அந்த வருத்தம் இல்லை. இரத்தம் நல்லாக் குறைவு. வயித்தில கொக்கிப் புழு இருக்கு. அது இரத்தத்தைக் குடிக்கும். மருந்து தாறன். இரும்புச்சத்துப் பாணி மருந்தும் குடுங்கோ. மூண்டு மாதத்தில திருப்பிப் பாப்பம், பிள்ளை எழும்பிடும்.”

பவானி என் கையைப் பிடித்தாள். “நான் சொன்னனான் தானே மச்சாள், பூச்சி எண்டு! நான் சொன்னனான்!” என்று சிரித்தாள், அழுதாள். குகன் முகத்தை இரண்டு கையாலும் துடைத்தான். நானும் சிரித்தேன். எவ்வளவு பெரிய விசர்ப் பயம் பயந்தேன் என்று சிரித்தேன்.

வைத்தியர் இன்னும் ஒரு தாளைக் கையில் வைத்திருந்தார். “இதில மற்றப் பிள்ளை ஆர்? அஞ்சனா?”

“என்ர மகள்.”

“வெளிநாட்டிலயோ இருக்கிறா?” என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “அங்க போன உடனே ஒரு வைத்தியரிட்டைக் காட்டுங்கோ அம்மா. அந்த வருத்தத்தின்ர அளவு இவவுக்கு நல்லாக் கூடிக் கிடக்கு. குழாய் விட்டுப் பாத்து உறுதிப்படுத்துவினம். அதுவரைக்கும் சாப்பாட்டை மாத்த வேண்டாம்.”

அவர் பிறகு சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. எழுந்து வெளியே வந்தேன். அஞ்சனா வாசற்படியில் இருந்து, ஒரு பணிஸைப் பிய்த்துப் பிய்த்துத் தாரணிக்குக் கொஞ்சம், தனக்குக் கொஞ்சம், மானுக்குக் கொஞ்சம் என்று கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு அவளுடைய வாய்க்குப் போகும் வழியில் இருந்தது. நான் ஓடிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். பணிஸ் உருண்டு தெருவுக்குப் போனது. மான் ஒன்று நிதானமாக வந்து அதை எடுத்தது.

“அம்மா?” என்றாள் அஞ்சனா. என் முகத்தைப் பார்த்தாள். அவள் மெல்ல உட்கார்ந்திருந்த படியிலேயே இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தாள். “எனக்கா?” என்று கேட்டாள். “தாரணிக்கு இல்லையா?”

“இல்லை. அவளுக்குப் பூச்சி.”

“நல்லது” என்றாள்.

பின்னால் பவானி வந்து நின்றாள். வைத்தியர் சொன்ன மிச்சத்தை அவள் கேட்டிருக்கிறாள். தாரணியின் கையில் இருந்த கடதாசிப் பையை வாங்கி, இன்னொரு பணிஸை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“குடுங்கோ மச்சாள். சோதனை முடியிற மட்டும் குடுக்க வேணும் எண்டு நீங்கள்தானே எனக்குச் சொன்னீங்கள்.” பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: “உங்களுக்கு ஏலாது எண்டா விடுங்கோ. நான் குடுக்கிறன்.”

என்னால் முடியவில்லை. பவானிதான் கொடுத்தாள். அஞ்சனா அதை வாங்கி, “நன்றி மாமி, நீங்க இருங்கோ” என்று பக்கத்தில் இடம் விட்டாள். மூன்று பேரும் படியில் இருந்து சாப்பிட்டார்கள். நான் தள்ளி நின்று பார்த்தேன்.

8

குகன் பிறகு தானாகப் போய் இரத்தம் கொடுத்தான். அவனுக்கு ஒன்றுமில்லை. தாரணி இப்போது ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்கிறாளாம். செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கினால் பவானி அடிக்கத் தென்னை ஈர்க்கோடு நிற்கிறாளாம். தொலைபேசியில் அவர்களுடைய சத்தத்தைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

இங்கே ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். கொழும்பில் பார்த்த முடிவு தங்களுக்குப் போதாது என்றார்கள். திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள், அதே முடிவு வந்தது, குழாய் விடும் நாளுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். அதுவரை ஒவ்வொரு நாளும் இரண்டு துண்டு பாணாவது சாப்பிட வேண்டும் என்று எழுத்தில் தந்தார்கள். அஞ்சனா வடக்கே இருந்த அறையை விட்டுவிட்டு எங்களோடு வந்து நிற்கிறாள். வகுப்புகளைக் கணினியில் கேட்கிறாள். எனக்கு அது சந்தோசமாக இருக்க வேண்டும்.

துகள் எனக்குப் படக்கூடாது என்று அவள் பாணைக் குசினிக்குள் கொண்டு வருவதில்லை. ஒரு பையில் போட்டு வெளியே பல்கனியில் வைத்திருக்கிறாள். காலையில் மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, அந்தக் குளிரில் இருந்து சாப்பிடுகிறாள். முடிந்ததும் கையைக் கழுவி, உடுப்பை உதறி, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் என் பக்கத்தில் வருவாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பேன். அவள் ஒவ்வொரு வாயாக விழுங்கும்போது, உள்ளே அந்தக் கம்பளத்தில் ஒவ்வொரு மயிராக விழுவது போல எனக்குத் தெரியும். கதவைத் திறந்து தட்டிவிடக் கை துடிக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

இன்று காலை என்னால் உள்ளே நிற்க முடியவில்லை. மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே போனேன்.

“அம்மா, உள்ளுக்குப் போங்கோ. துகள் படும்.”

“அந்தப் பக்கம் இருக்கிறன்” என்று அவள் இருந்த மர வாங்கின் மற்ற முனையில் இருந்தேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே பஸ் ஒன்று நின்று போனது. அவள் பாணைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அந்தக் குழாய் விடேக்க… நோகுமா?”

“நோகாது” என்றேன். “பயமா இருக்கும்.”

“நீங்க பயந்தனீங்களா?”

“ஓம்.”

“இப்ப?”

“இப்பவும்.”

அவள் தலையை ஆட்டினாள். “எனக்கும்” என்றாள். கையில் இருந்த கடைசித் துண்டை வாயில் போட்டு, மெதுவாக, நன்றாக மென்று விழுங்கினாள்.